வானவடியிலிருந்து கோடத் வரை

புனேயில் நான் தங்கியது வானவடியில், சித்தப்பா வீட்டில். ராணுவத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டோன்மென்ட்டுக்குத் தெற்கே இருக்கும் இந்தப் பகுதியில் ராணுவ மருத்துவக் கல்லூரி, படைவீரர் குடியிருப்பு, பழைய மரங்கள் அடர்ந்த சாலைகள் என்று எல்லாவற்றிலும் சீருடையின் ஒழுங்கு தெரிகிறது. காலை நடைக்குச் சித்தப்பா என்னை ஷிண்டே சத்ரிக்கு அழைத்துப் போனார். மராத்தியத் தளபதி மகாதஜி ஷிண்டே 1794 பிப்ரவரி 12 அன்று இந்த வானவடியில்தான் இறந்தார். 1761இல் பானிபட் போர்க்களத்தில் காலில் வெட்டுப்பட்டுத் தப்பி, பத்தே ஆண்டுகளில் மராத்தியரின் கொடியை மறுபடி டெல்லிக்குக் கொண்டுபோனவர். கருங்கல்லில் கட்டிய சிவன் கோயிலும், அதன் முன்னே வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் பதித்த பிற்காலக் கூடமும் இப்போது அங்கே இருக்கின்றன. காலை வெயில் அந்தக் கண்ணாடி வழியே விழும்போது கூடத்தின் தரையில் சிவப்பும் நீலமும் கிடக்கும்.

நான் வந்தது பிப்ரவரிக் கடைசியில். 1928 பிப்ரவரி 28 அன்று சி. வி. ராமன் ஒளிச்சிதறல் பற்றிய தன் கண்டுபிடிப்பை எட்டிய நினைவாகக் கொண்டாடும் தேசிய அறிவியல் தினத்தையொட்டிப் புனே வட்டாரத்தின் ஆய்வு நிறுவனங்கள் பொதுமக்களை உள்ளே விடுகின்றன. என்ன பார்க்கப் போகிறாய் என்று சித்தப்பா கேட்டார். அணுக்கருக்களை ஒன்றோடொன்று மோதவிட்டால் பிறக்கும் பொருளைப் பற்றி இங்கே யோசிக்கிறவர்களின் இடங்களைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"அவ்வளவு சூட்டுல எதுவும் ஆவியாத்தானே போகணும்? அதுல ஆராய என்ன இருக்கு?" என்றார்.

இயற்பியலாளர்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார்கள். புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. அவற்றைப் பிணைப்பவை குளுவான்கள். குவார்க்குகள் மிக நெருங்கும்போது அவற்றுக்கிடையே விசை தளர்கிறது என்று 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் காட்டினார்கள். அதற்கு 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியானால் அணுக்கருவைப் போதுமான அளவு சூடாக்கினால் புரோட்டான்கள் கரைந்து, குவார்க்குகளும் குளுவான்களும் தம்போக்கில் திரியும் வாயு ஒன்று கிடைக்க வேண்டும். பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில மைக்ரோ வினாடிகளில் அண்டம் முழுவதும் நிறைந்திருந்ததும் அதுவாகவே இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு மோதுவி ஓடத் தொடங்கியது. தங்க அணுக்கருக்கள் ஒளிவேகத்தில் 99.99 சதவீதத்தைத் தாண்டிய வேகத்தில் எதிரெதிரே வந்து மோதின. மோதிய இடத்தில் சுமார் 4 லட்சம் கோடி டிகிரி வெப்பம். சூரியனின் மையத்தைவிட இரண்டரை லட்சம் மடங்கு. பிறந்த பொருளின் ஆயுளோ, வினாடியை ஒன்றுக்குப் பின்னால் 23 சுழியம் போட்ட எண்ணால் வகுத்தால் வரும் சில பங்குகள்தான். அது என்னவாக இருந்தது என்பதை, சிதறி வந்த ஆயிரக்கணக்கான துகள்களைக் கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் அறிய முடியும். 2005 ஏப்ரலில் அந்தக் கணக்கின் முடிவை அறிவித்தார்கள். வாயுவாக இருந்தால் துகள்கள் எல்லாத் திசையிலும் சமமாகத் தெறித்திருக்க வேண்டும். அவையோ ஒன்றோடொன்று இழுபட்டு, அணியாக, ஒரு திரவத்தைப் போல ஓடியிருந்தன. அதுவும் உராய்வு மிகமிகக் குறைந்த திரவம்.

சித்தப்பா நடையை நிறுத்திவிட்டார். "திரவம்னு எப்படித் தெரிஞ்சுது?"

இரண்டு அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதுவது அபூர்வம். பெரும்பாலும் சற்றே விலகித்தான் உரசுகின்றன. அப்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும். உள்ளே அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ஆனால் பருப்பின் ஒடுக்கமான பக்கத்தில் விளிம்பு அருகில் இருப்பதால் அங்கே அழுத்தம் செங்குத்தாகச் சரிகிறது. திரவமானால் அந்தப் பக்கமாக வேகம் எடுத்துப் பாயும். கருவிகள் கண்டது அதைத்தான்: ஒரு தளத்தில் துகள்கள் அதிகம், அதற்குச் செங்குத்தான திசையில் குறைவு. நீள்வட்ட ஓட்டம் என்று இதைச் சொல்கிறார்கள். இந்த ஒரு அளவீட்டில்தான் ஒட்டுமொத்தத் துறையும் நிற்கிறது என்றால் மிகையில்லை.

அடுத்த நாள் பாஷாண் போனேன். வானவடியிலிருந்து அது நகரத்தின் மறுகோடி. பந்தயத் திடல், கேம்ப், ரயில் நிலையம், முளா, முட்டா ஆறுகள் கலக்கும் சங்கமப் பாலம், சிவாஜிநகர், பல்கலைக்கழக வட்டம் என்று நகரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது ஆட்டோ. ஹோமி பாபா சாலையில், தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில், 2006இல் தொடங்கிய ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) வளாகம் இருக்கிறது.

நீள்வட்ட ஓட்டத்தை அளக்கும் முறைகளில் முக்கியமான ஒன்றுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர் ராஜீவ் பாலேராவ். மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுப் பின்னர் இந்த ஐசருக்கு வந்தவர். ஒரு மோதலில் வரும் துகள்களில் எந்த அணிவகுப்பு உண்மையான ஓட்டத்தால் வந்தது, எது தற்செயலாக இரண்டு மூன்று துகள்கள் சேர்ந்து வந்ததால் தோன்றியது என்று பிரிப்பது பெரும் தொல்லை. பாலேராவும் பிரான்சின் நிக்கோலா போர்கினி, ஜான்-இவ் ஒலித்ரோ இருவரும் 2003இல் இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து வழி கண்டார்கள். நீர் ஆவியாவது போன்ற நிலைமாற்றங்களை விளக்க லீயும் யாங்கும் 1952இல் ஒரு கணிதம் செய்திருந்தார்கள். ஒரு சார்பு எங்கெல்லாம் சுழியமாகிறது என்று சிக்கலெண் தளத்தில் தேடுகிற கணிதம் அது. அந்தச் சுழியங்களையே துகள் ஓட்டத்துக்கும் தேடலாம் என்றார்கள் மூவரும். கூட்டாக ஓடும் பொருளும் நிலைமாறும் பொருளும் கணிதத்தில் ஒரே வகைத் தடயத்தை விடுகின்றன. தனித்தனித் துகள்களின் கதையை மறந்து, எல்லாம் சேர்ந்து செய்வதை மட்டும் கேட்கிற கேள்வி இது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இதுபோல என்னைப் பிடித்து நிறுத்தியவை குறைவு.

அதே வளாகத்தில், அந்தக் கொதிக்கும் பொருளுக்கு நேர் எதிர்முனையில் இருக்கும் பொருளைக் கையாளும் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. உமாகாந்த் ராபோலின் குழு ருபிடியம் அணுக்களை லேசரால் குளிர்விக்கிறது. கதவைத் திறந்ததும் கறுப்புத் திரை. அதை விலக்கினால் அறை நிறைக்கும் ஒளியியல் மேசை, அதன்மேல் விரல்நீளத் தூண்களில் நூற்றுக்கணக்கான சின்னக் கண்ணாடிகளும் வில்லைகளும். ஒவ்வொன்றிலும் திருகாணிகள். ஆய்வு மாணவி ஒருவர் அவற்றில் ஒன்றை மயிரிழை திருப்பிக்கொண்டே திரையைப் பார்க்கச் சொன்னார். கேமரா காட்டிய இருண்ட படத்தின் நடுவே வெண்புள்ளி ஒன்று. லேசரும் காந்தப்புலமும் சேர்ந்து வெற்றிடத்தில் அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கும் அணுத்திரள். லேசரின் அலைநீளம் கண்ணுக்கு எட்டாத சிவப்புக்கு அருகே இருப்பதால் நேரில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு கற்றையை அவர் கையால் மறைத்தார், புள்ளி மறைந்தது. கையை எடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி திரண்டது. கெல்வினில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற வெப்பநிலையில் இருக்கும் பொருள் அப்படி என் கண் முன்னே சேர்ந்தது.

இந்தக் குழுவும், குவாண்டம் ஒழுங்கின்மையை ஆராயும் எம். எஸ். சந்தானமும் சேர்ந்து செய்து 2017இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. குளிர்ந்த அணுக்களை லேசர் துடிப்புகளால் விட்டுவிட்டு உதைக்க வேண்டும். சாதாரணப் பொருளானால் உதைக்க உதைக்கச் சூடேறும். குவாண்டம் பொருள் ஓர் அளவுக்குப் பிறகு சூடாக மறுத்துவிடும். இடையிடையே சில உதைகளை ஒழுங்கில்லாமல் தவறவிட்டால் அந்த மறுப்பு எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கேள்வி. தவறவிடும் முறையைப் பொறுத்து, எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே அது கலைகிறது என்று கண்டார்கள்.

இந்தக் குளிர்ந்த அணுக்களையும் அந்தக் கொதிக்கும் குவார்க்குகளையும் ஒரே பயணத்தில் பார்க்க நான் ஆசைப்பட்டதற்குக் காரணம், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜான் தாமஸின் குழு 2002இல் செய்த சோதனை. அவர்கள் எடுத்தது லித்தியம். கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குளிர்வித்து, அணுக்களுக்கிடையே உள்ள விசையைக் காந்தப்புலத்தால் உச்சத்துக்கு ஏற்றி, ஒல்லியாக நீண்ட வடிவில் பிடித்து வைத்தார்கள். பிறகு பிடியை விட்டார்கள். இரண்டு மில்லி வினாடிக்குள் அந்தத் திரள் நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே நின்று, குறுக்கே மட்டும் பாய்ந்து விரிந்து, அகலம் நீளத்தை மிஞ்சிவிட்டது. ஒடுக்கமான பக்கத்தில் அழுத்தம் செங்குத்தாகச் சரிவதால் அந்தப் பக்கம் பாய்கிறது. நீள்வட்ட ஓட்டத்தின் அதே காரணம், அதே வடிவம். இரண்டு பொருள்களின் வெப்பநிலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியம் போட்ட மடங்கு. ஒன்றில் விசை அணுக்கருவின் உள்விசை. மற்றதில் அணுக்களுக்கிடையிலான மின் ஈர்ப்பு. இவ்வளவு வேறுபட்டும் ஓட்டத்தில் இரண்டும் ஒன்றுபோல நடக்கின்றன. பொருளின் துண்டுகள் தம்மோடு தாம் போதுமான அளவு இறுகிப் பின்னிக்கொண்டால், அவை எதனால் ஆனவை என்பதை ஓட்டம் கண்டுகொள்வதில்லை. இருபத்தோராம் நூற்றாண்டு இயற்பியல் கண்ட உண்மைகளில் இதையே நான் தலையாயதாக வைப்பேன். தமிழில் கடவுள் துகளைப் பற்றி எழுதிய அளவுக்கு இதைப் பற்றி எழுதவில்லை என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு.

இன்னும் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு 2025இல் கிடைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அரிந்தம் கோஷின் குழு, ஒற்றை அணுத் தடிமன் கொண்ட கிராஃபீன் தாளை மிகத் தூய்மையாகத் தயாரித்து, அதில் எலெக்ட்ரான்கள் ஓடுவதை அளந்தது. உலோகத்தில் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். பள்ளியிலேயே படிக்கும் விதி. இங்கே அந்த விதி 200 மடங்குக்கு மேல் பொய்த்தது. எலெக்ட்ரான்கள் குவார்க் திரவத்தைப் போன்ற ஒரு திரவமாக ஓடியிருக்கின்றன.

பாஷாணிலிருந்து கணேஷ்கிண்ட் பல்கலைக்கழக வளாகம் பக்கம்தான். அங்கே இருக்கும் அயூக்கா வானியல் மையம் 1988இல் ஜயந்த் நார்லிக்கர் உருவாக்கியது. அறிவியல் தினம் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா நடுமுற்றத்தைக் கோயில் குளத்தின் மரபில் ஒரு குண்டமாக அமைத்திருக்கிறார். ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நால்வரும் சிலையாக இருக்கிறார்கள். ஐன்ஸ்டைன் மடியில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள மராத்திப் பிள்ளைகளிடையே பெரிய தள்ளுமுள்ளு.

குவார்க் திரவத்துக்கும் கருந்துளைக்கும் என்ன உறவு என்று கேட்டால் நம்ப முடியாத பதில் கிடைக்கும். ஒரு திரவம் எவ்வளவு குறைந்த பாகுநிலையோடு, அதாவது உள் உராய்வோடு, ஓட முடியும்? டாம் தான் சோன், பாவெல் கோவ்துன், ஆந்திரேய் ஸ்டாரினெட்ஸ் மூவரும் 2005இல் ஒரு எண்ணை முன்வைத்தார்கள். பாகுநிலையை என்ட்ரோபியின் அடர்த்தியால் வகுத்தால், இயற்கை அலகுகளில், 4π-யில் ஒரு பங்கு. அதாவது சுமார் 0.08. தண்ணீரின் எண் இதைப்போலப் பல மடங்கு. குவார்க் திரவமும் லித்தியம் திரளும் இதன் சில மடங்குக்குள் வந்துவிடுகின்றன. இந்த எண் அவர்களுக்குக் கிடைத்தது ஐந்து பரிமாண வெளியில் இருக்கும் ஒரு கருந்துளையிலிருந்து. இறுகப் பின்னிய குவாண்டம் திரவத்தைக் கணக்கிட முடியாமல் திணறும்போது, அதற்கு நிகரான கருந்துளையின் கணக்கைப் போடலாம் என்பதற்கு 1997இல் மால்டசேனா வழி திறந்திருந்தார்.

அந்த வழியில் மிக நீண்ட தூரம் நடந்தவர்கள் மும்பையில் இருந்தார்கள். 2008இல் டாட்டா நிறுவனத்தின் ஷிராஸ் மின்வாலா, சயந்தனி பட்டாச்சார்யா, வெளிநாட்டிலிருந்து முகுந்த் ரங்கமணி, வெரோனிகா ஹூபெனி ஆகியோர் சேர்ந்து, கருந்துளையின் நிகழ்வெல்லை மெல்ல நெளிவதாகக் கொண்டு ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைத் தீர்த்தால் பாய்மவியலின் சமன்பாடுகள் முழுதாக அதிலிருந்து கிடைக்கின்றன என்று காட்டினார்கள். அதே ஆண்டில், பின்னாளில் புனே ஐசரில் பணியாற்றிய நபமிதா பானர்ஜி, ஆர். லோகநாயகம் உள்ளிட்ட குழு மின்னூட்டம் கொண்ட கருந்துளையை எடுத்துக்கொண்டு இதே கணக்கைச் செய்தது. அதில் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் எழுதிய புகழ்பெற்ற பாய்மவியல் நூலில் இல்லாத ஒரு உறுப்பு வந்து நின்றது: திரவம் சுழன்றாலே, அந்தச் சுழற்சியின் அச்சை ஒட்டி ஒரு மின்னோட்டம் பிறக்கும். துகள்களுக்கு இடக்கை, வலக்கை என்ற குவாண்டம் பேதம் இருப்பதன் விளைவு அது. பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட ஒரு பழைய பாடத்தில் விடுபட்ட உறுப்பைக் கருந்துளைதான் சொல்லிக் கொடுத்தது. 2017இல் புரூக்ஹேவன் குழு குவார்க் திரவத்தின் சுழற்சியையே அளந்துவிட்டது. வினாடிக்கு, ஒன்றுக்குப் பின்னால் 21 சுழியம் என்ற அளவில் சுழல்கிறது. அதுவரை அளந்த எந்தத் திரவமும் அதன் அருகில் வராது.

அயூக்காவில் இதே உறவை வேறு பக்கமிருந்து அணுகியவர் தாணு பத்மநாபன். கருந்துளை இருந்தே ஆக வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. 2011இல் அவர் காட்டியது: ஒளி செல்லும் எந்தப் பரப்பின்மீதும் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை வீழ்த்திப் பார்த்தால், அது தண்ணீர் ஓடுவதை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டின் உருவம் கொள்கிறது. கால-வெளியே ஒருவேளை நுண்ணிய துண்டுகளின் கூட்டு ஓட்டமாக இருக்கலாம், ஈர்ப்பு என்பது அதன் பாய்மவியல் என்று அவர் வாதாடிவந்தார். 2021 செப்டம்பர் 17 அன்று 64 வயதில் மறைந்துவிட்டார். குண்டத்தின் படிகளில் உட்கார்ந்து பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இந்த வாதம் முடிவு காணும் முன்னே அவர் போய்விட்டது பெரிய இழப்பாகப் பட்டது.

இரவு வானவடியில் சாப்பாட்டு மேசையில் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறியாளருக்குரிய கேள்வியைக் கேட்டார்: "சரி, சூடு கம்மியா, அழுத்தம் மட்டும் கன்னாபின்னானு இருந்தா குவார்க் என்ன பண்ணும்?"

அங்கேதான் கோட்பாடு இன்னும் தட்டுத்தடுமாறுகிறது. சூடு அதிகம், அடர்த்தி குறைவு என்ற பக்கத்தைக் கணிப்பொறியால் கணக்கிட முடியும். வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் குவார்க்குகளை வைத்துக் கணக்குப் போடும் முறை அது. அடர்த்தியைக் கூட்டினால் கணக்கில் நேர் எண்களும் எதிர் எண்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை மூழ்கிவிடும். டாட்டா நிறுவனத்தில் இருந்த ராஜீவ் கவாய், சௌரேந்து குப்தா இருவரும் அடர்த்தியைச் சிறுசிறு படிகளாக விரித்துக் கணக்கிட்டு, நிலைமாற்றத்தின் உச்சப்புள்ளி எங்கே இருக்கலாம் என்று முதலில் தேடிய சிலரில் அடங்குவார்கள். அதற்கும் அப்பால், குளிர்ந்து நெருங்கிய குவார்க் பொருள் இயற்கையில் இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: நியூட்ரான் விண்மீனின் உள்ளே.

அதற்காகத்தான் வானொலித் தொலைநோக்கி இருக்கும் கோடத் போனேன். நாசிக் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். நாராயண்காவில் இறங்கி உள்ளே போக வேண்டும். சாலையின் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள், தக்காளி வயல்கள். வயல்களுக்கு நடுவே திடீரென்று வெள்ளைக் கிண்ணங்கள் எழுகின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். மொத்தம் 30, அவை 25 கிலோமீட்டருக்குப் பரவி நிற்கின்றன. கோவிந்த் ஸ்வரூப் எழுப்பிய இந்த மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கியின் வாயிலில் கைப்பேசியை அணைக்கச் சொல்கிறார்கள். அருகே போய் அண்ணாந்து பார்த்தால் கிண்ணத்தில் தகடே இல்லை. மெல்லிய எஃகுக் கம்பிகளால் பின்னிய வலை, கயிறுகளால் இழுத்துக் கட்டியிருக்கிறது. வலைக்கண் வழியே வானம் தெரிகிறது. காற்று அதை ஊடுருவிப் போய்விடும், மீட்டர் அலைகள் போகாது. செலவைப் பெருமளவு குறைத்த யோசனை அது.

2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பலை வந்து சேர்ந்தது. மோதிய இடத்தில் வெப்பம் பத்தாயிரம் கோடி டிகிரியைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இயற்கை நடத்தும் அணுக்கரு மோதல்களில் இதுவே பிரம்மாண்டமானது. மோதலுக்குப் பின் எழுந்த வானொலி ஒளிர்வை இந்தக் கிண்ணங்கள் மாதக்கணக்கில் பின்தொடர்ந்தன. மோதும் முன் இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு நெளித்தன என்பதிலிருந்து அவற்றின் உட்பொருள் எவ்வளவு விறைப்பானது என்று கணக்குப் போட்டார்கள். அந்த விறைப்புக்குள் குவார்க்குகள் விடுபட்டிருக்கின்றனவா என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

ஓட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு தடயம் உண்டு, அதற்கு உதகமண்டலமும் சாட்சி. வேலா விண்மீன் கூட்டத்தில் 89 மில்லி வினாடிக்கு ஒருமுறை சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்று (துடிவிண்மீன்) மெல்ல மெல்ல வேகம் குறைந்துகொண்டே போகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திடுமென்று ஒரு துள்ளல் துள்ளி வேகம் கூட்டிக்கொள்கிறது. உள்ளே பாகுநிலையே இல்லாத நியூட்ரான் மீப்பாய்மம் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் நுண்சுழல்கள் மேலோட்டில் மாட்டிக்கொண்டு, பிறகு கூட்டமாக விடுபடும்போது அந்தச் சுழற்சி ஓட்டுக்குக் கைமாறுகிறது என்பதுதான் பொதுவாக ஏற்ற விளக்கம். ஸ்வரூப் 1970இல் முத்தொரை மலைச்சரிவில் கட்டி முடித்த அரை கிலோமீட்டர் நீள உதகைத் தொலைநோக்கியும் கோடத்தின் கிண்ணங்களும் சேர்ந்து இந்தத் துள்ளல்களைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றைப் புனேயின் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தினர் நடத்திவந்திருக்கிறார்கள். ஒவ்வொரு துள்ளலுக்குப் பிறகும் வேகம் பழைய நிலைக்கு எவ்வளவு நாளில் திரும்புகிறது என்பதை வைத்து, உள்ளே ஓடும் அந்தக் குவாண்டம் திரவம் எவ்வளவு இருக்கிறது, ஓட்டோடு எப்படி உரசுகிறது என்று கோட்பாட்டாளர்கள் கணக்கிடுகிறார்கள்.